ஓரங்கம் என்றால் ஓரமா?

லேடி கிரிகரி என்று பேச்செடுத்தால் இலக்கியம் தெரிந்தவர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள். யேட்ஸுக்குக் கூல் பார்க் மாளிகையில் அறையும் சோறும் கொடுத்தவர். டப்ளினில் அபே தியேட்டரை உருவாக்கியவர்களில் ஒருவர், பல வருடம் அதைத் தோளில் சுமந்தவர். அப்புறம் கொஞ்சம் இழுத்துவிட்டு, "ஓரங்க நாடகங்கள் சிலதும் எழுதியிருக்காங்க." என் சண்டை இந்த மூன்றாவது வாக்கியத்தோடுதான். அதிலும் குறிப்பாக அந்த 'சிலதும்' என்பதில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் 'உம்'மோடு.

போன வருடம் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இதே 'உம்'மைக் கேட்டேன். பேசியவர் நல்ல வாசகர், நாடகம் அறிந்தவர். ஓரங்க நாடகம் என்பது ஒரு படிக்கட்டு என்றார். யூஜின் ஓ'நீல் கடல் நாடகங்களை அந்தப் படியில் நின்று எழுதினார், பிறகு மேலே ஏறிப்போனார். ஏறாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் இரண்டாம் வரிசை. கூட்டம் தலையாட்டியது. நான் எழுந்து மறுத்தேன், ஐந்து நிமிடத்தில் மைக்கை வாங்கிக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடியாததை இங்கே எழுதுகிறேன். சின்ன வடிவத்துக்கு வக்காலத்து வாங்க நீளமான கட்டுரை தேவைப்படுவது வேடிக்கைதான், தெரிகிறது.

என் தொழிலில் ஒரு பழைய நோய் உண்டு. ஒரு புரோகிராமர் எத்தனை வரி எழுதினார் என்று எண்ணி அவர் உழைப்பை அளப்பது. அப்படிக் கேட்ட மேனேஜர்களைப் பற்றி டீக்கடையில் நின்று சிரித்திருக்கிறோம். 400 வரியை 40 வரியாக்கியவன்தான் வேலை தெரிந்தவன் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். அதே நாங்கள் சாயங்காலம் புத்தகக் கடைக்குப் போய், 900 பக்க நாவலின் முதுகைப் பார்த்தே எழுத்தாளரைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். இலக்கியத்தில் மட்டும் வரி எண்ணுவது எப்படி மரியாதையான காரியமாயிற்று?

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கே சிக்கலாகிறது. இசபெல்லா அகஸ்டா பெர்ஸ், 1852ல் கால்வே மாவட்டத்தில் ஒரு நிலப்பிரபு வீட்டில் பிறந்தார். 1880ல், தன்னைவிட 35 வயது மூத்த சர் வில்லியம் கிரிகரியை மணந்தார். இந்தப் பெயரை நம் ஆட்கள் அறியாமலேயே அறிவார்கள். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர் அவர். கொழும்பு அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கும் சிலை அவருடையது, நுவரெலியாவில் படகு விடுகிறார்களே, அந்தக் கிரிகரி ஏரி அவர் பெயரில்தான். மனைவியின் முதல் அச்செழுத்து 1882ல் வந்தது, எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அராபி பாஷாவுக்காக வாதாடி. பிரிட்டிஷ்காரர்கள் அராபியை எங்கே நாடு கடத்தினார்கள் தெரியுமா? இலங்கைக்கு. சரித்திரத்துக்கு இந்த மாதிரி குசும்பெல்லாம் உண்டு.

1892ல் கணவர் இறந்தார். நாடகம் எழுத ஆரம்பித்தபோது அகஸ்டாவுக்கு 50 வயது ஆகிக்கொண்டிருந்தது. அதன் பிறகு சுமார் 40 நாடகங்கள். அவற்றில் நிலைத்தவை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிபவை. 1909ல் 'ஏழு குறுநாடகங்கள்' என்று தலைப்பிலேயே அளவைச் சொல்லி ஒரு தொகுப்பு போட்டார். வெட்கப்படுகிறவர் வைக்கும் தலைப்பு இல்லை அது.

அவரைக் குறைத்துப் பேசுபவர்களின் கையிலிருக்கும் வலுவான சீட்டு, அவரே சொன்னதுதான். யேட்ஸின் கவிதை நாடகங்கள் கனமானவை, பார்வையாளருக்கு மூச்சு முட்டும். கூடவே போட ஒரு நகைச்சுவை தேவைப்பட்டது, அதனால் எழுதினேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பார்த்தீர்களா, தொட்டுக்கொள்ள ஊறுகாய்தானே என்கிறார்கள். தேவைக்கு எழுதியது என்பதால் ஒன்று கீழானதாகிவிடுமா? அபேயின் ஆரம்பகால நடிகர்கள் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். வில்லியம் ஃபே மின்பணியாளர், அவர் அண்ணன் ஃபிராங்க் அலுவலக வேலைக்காரர். ராத்திரி ஒத்திகை. கையில் காசு இல்லை, மேடை சிறியது, ஆட்கள் குறைவு. இந்த நெருக்கடிக்குள் எது சாத்தியமோ அதைச் செய்தார். கோயில் சுவர் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு அதற்குள் சிற்பம் செதுக்கியவனை யாரும் மலை செதுக்க வராதவன் என்று சொல்வதில்லை.

1904 டிசம்பர் 27, அபே தியேட்டர் திறந்த இரவு. யேட்ஸின் கவிதை நாடகத்தோடு மேடையேறியது 'ஸ்பிரெடிங் த நியூஸ்'. கதை இத்தனைதான். ஒரு சந்தை. ஜாக் ஸ்மித் என்பவன் தன் வைக்கோல் கவட்டியை மறந்து வைத்துவிட்டுப் போகிறான். பார்ட்லி ஃபாலன் என்கிற புலம்பல் ஆசாமி அதைக் கொடுக்கலாமென்று பின்னால் ஓடுகிறான். ஆப்பிள் விற்கும் மிஸஸ் டார்ப்பிக்குக் காது சரியாகக் கேட்காது. அவளிடம் விசாரிப்பவர்களுக்குக் கிடைப்பது: பார்ட்லி கவட்டியோடு ஜாக்கைத் துரத்திக்கொண்டு போனான். ஜாக்கின் மனைவி எங்கே என்றால் வேலியில் துணி விரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த விரிப்பு, அடுத்த வாய்க்குப் போவதற்குள் பிணத்துக்கான விரிப்பாகிவிடுகிறது. பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரியும்: பார்ட்லி ஜாக்கைக் கொன்றுவிட்டான், அவன் மனைவியோடு அமெரிக்கா ஓடப்போகிறான்.

இதில் யாரும் பொய் சொல்வதில்லை. திரும்பத் திரும்பப் படித்துத் தேடியிருக்கிறேன், கெட்ட எண்ணத்தோடு பொய் சொல்லும் ஒரு பாத்திரம்கூட இல்லை. ஒவ்வொருவரும் தான் கேட்டதில் ஒரே ஒரு இடைவெளியைத் தானாக நிரப்பிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். குடும்ப வாட்ஸப் குழுவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சந்தைக்குப் புதிதாக வந்திருக்கும் மாஜிஸ்திரேட் முன்பு அந்தமானில் வேலை பார்த்தவர். எதைப் பார்த்தாலும் அந்தமான் அனுபவத்தைக் கொண்டே அளக்கிறார். வதந்தி அவர் காதில் விழுந்ததும் வழக்காகிறது. செத்ததாகச் சொல்லப்பட்ட ஜாக் ஸ்மித் உயிரோடு வந்து நிற்கும்போது அவர் அசருவதே இல்லை. இது ஆள்மாறாட்டம், இவனும் கூட்டாளி என்று முடிவு கட்டுகிறார். கொன்றவன், கொல்லப்பட்டவன் இரண்டு பேருக்கும் சேர்த்து விலங்கு. டப்ளின் பார்வையாளர்கள் சிரித்தார்கள். அந்தமான் என்ற சொல் நமக்கு வேறு மாதிரி கேட்கும். ஒரு காலனியில் கற்ற பாடத்தை இன்னொரு காலனியில் ஒப்பிக்கும் அதிகாரியை, ஒரு சின்னப் பாத்திரமாக, ஒரு பிரசங்கமும் இல்லாமல் உள்ளே வைத்துவிட்டார் இந்த அம்மாள். இலங்கை ஆளுநரின் விதவை எழுதியது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதையே மூன்று அங்கமாக நீட்டியிருக்கலாமே என்பவரிடம் ஒரு கேள்வி. எங்கே திரையை இறக்குவீர்கள்? வதந்திக்கு உயிரே வேகம். இடைவேளை விட்டால் பார்ப்பவர் வெளியே போய் ஒரு டீ குடிப்பார், "யாராவது ஒருத்தர் ஜாக் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாமே" என்று தோன்றிவிடும். நாடகம் அங்கேயே செத்தது. யோசிக்க நேரமில்லாமல் ஊர் எப்படி முட்டாளானதோ அப்படியே பார்ப்பவரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு நீளம் எதிரி. இந்தக் கதைக்கு அரை மணி நேரம்தான் முழு நீளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாடகம் முதலில் அவர் மனதில் துயரமாகத்தான் வந்திருக்கிறது. காலையில் சிரித்துக்கொண்டு சந்தைக்குப் போகும் ஒரு பெண், மாலையில் தன் பெயர் கெட்டு, தலை குனிந்து அதே வழியே திரும்புகிறாள். அந்தச் சித்திரத்தைத்தான் சிரிப்பாக மாற்றினேன் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தப் பெண் நாடகத்தில் இல்லை. ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு குளிர் இருக்கிறது, அது அவளுடையது.

'த கேயோல் கேட்' 1906ல் மேடையேறியது. மூன்று பாத்திரம், ஒரு சிறைக் கதவு, விடியும் நேரம். ஒரு தாயும் மருமகளும் இரவெல்லாம் நடந்து கால்வே சிறைக்கு வருகிறார்கள். உள்ளே இருக்கும் டெனிஸ், தோழர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசுகிறது. கையில் சிறையிலிருந்து வந்த ஒரு கடிதம். இருவருக்கும் படிக்கத் தெரியாது. என்ன கேவலம் எழுதியிருக்குமோ என்று பயந்து ஊரில் யாரிடமும் காட்டவில்லை. கதவைத் திறக்கும் காவலாளி படித்துச் சொல்கிறான்: சாவதற்கு முன் வந்து பார்த்துப் போகலாம் என்ற அனுமதி அது. அவனைத் தூக்கிலிட்டாயிற்று. அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தான் மற்றவர்கள் வெளியே வந்தார்கள், இவன் போனான்.

மருமகள் ஒப்பாரி வைக்கிறாள். பிறகு தாயும் குரலெடுக்கிறாள், ஆனால் அந்த ஒப்பாரி பாதியில் திரும்பிப் பெருமையாகிறது. என் மகன் வாய் திறக்கவில்லை என்று ஊரூராகச் சொல்லப் போகிறேன் என்கிறாள். பயங்கரமான இடம் இது. மகன் செத்ததைவிட மகன் காட்டிக்கொடுத்தான் என்பதே அவளுக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. தாய்மை பற்றி நாம் வைத்திருக்கும் சர்க்கரைப் பாகெல்லாம் அந்தக் கதவு வாசலில் கரைந்துபோகிறது. இருபது நிமிடம்கூட ஆகாது. இதற்கு இரண்டாவது அங்கம் எழுதச் சொல்லுங்கள் பார்க்கலாம், யார் உள்ளே வருவது?

'த ரைசிங் ஆஃப் த மூன்' பலர் கல்லூரி ஆங்கிலப் பாடத்தில் படித்திருப்பீர்கள். துறைமுகப் படிக்கட்டு, தலைக்கு நூறு பவுண்டு விலை வைக்கப்பட்ட கைதி, அவனைப் பிடிக்கக் காத்திருக்கும் சார்ஜன்ட். கைதி பாட்டுப் பாடும் பரதேசியாக வந்து, ஒரு பீப்பாயின் மேல் சார்ஜன்டோடு முதுகுக்கு முதுகு உட்காருகிறான். முகம் பார்க்காத இரண்டு பேர். பாட்டில் அவன் விட்ட வரியை சார்ஜன்டின் வாய் தானாக எடுத்துக்கொடுக்கிறது. போலீஸ்காரனுக்குள் புதைந்திருந்த பழைய பையன் எழுந்துவிட்டான், அவ்வளவுதான், மீதி தானாக நடக்கும். பரீட்சைக்கு 'கடமைக்கும் நாட்டுப்பற்றுக்கும் இடையிலான போராட்டம்' என்று ஐந்து மதிப்பெண் விடை எழுதவைத்து இந்தப் பீப்பாயை நாம் கொன்றிருக்கிறோம். போலீஸைப் போய் நல்லவனாகக் காட்டுவதா என்று தேசியவாதிகள் முறைத்தார்கள், போலீஸை விசுவாசமில்லாதவனாகக் காட்டுவதா என்று எதிர்த்தரப்பும் முறைத்தது. அரை மணி நேரத்தில் இரண்டு தரப்பையும் தூங்கவிடாமல் செய்வது சின்ன வேலையா?

அவர் எல்லாமே தங்கமாக எழுதினார் என்று சொல்ல வரவில்லை. 'கின்கோரா' போன்ற சரித்திர நாடகங்களை என்னால் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத்தான் படிக்க முடிந்தது. சில கேலி நாடகங்கள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடுகின்றன. நீளமாக எழுத வராதவர் என்ற வாதமும் நிற்காது. 1912ல் அச்சான 'கிரானியா' மூன்று அங்கம், மூன்றே பாத்திரம், அவர் எழுதியதிலேயே துணிச்சலானது. அவர் உயிரோடு இருந்தவரை அது மேடையேறவே இல்லை. ஆக, எழுத வந்தது. எழுதினார். அப்படியும் திரும்பக் குறுநாடகத்துக்கே வந்தார் என்றால் அது இயலாமை இல்லை.

இனி இரண்டாவது எதிர்த்தரப்பு. நிலப்பிரபு வீட்டு அம்மாவுக்கு இது பொழுதுபோக்கு என்பவர்கள். இவர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். 1847ல், அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தின் நடுவில், நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விடு. சரித்திரத்தில் அதற்குப் பெயரே கிரிகரி விதி. கொண்டுவந்தவர் அன்றைய டப்ளின் உறுப்பினர் வில்லியம் கிரிகரி, பிற்காலத்தில் அகஸ்டாவின் கணவர். நிலத்தை விட்டவர்கள் பலர் போய்ச் சேர்ந்த இடம் ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதி. அறுபது வருடம் கழித்து, 1908ல், அந்த மனிதரின் விதவை எழுதிய நகைச்சுவை நாடகத்தின் பெயர் 'த ஒர்க்ஹவுஸ் வார்ட்'.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு கிழவர்கள். விடாமல் சண்டை. ஒருவனின் தங்கை வந்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். இவனையும் கூட்டிப்போனால்தான் வருவேன் என்று கிழவன் எதிரியைக் காட்டுகிறான். அவள் போய்விடுகிறாள். தலையணை பறக்கிறது. தனிமையைவிடச் சண்டை மேல் என்பது அதன் உள்ளுறை. இந்த இருவரும் அயர்லாந்துக்காரர்களாகிய நாங்களே என்று அவரும் எழுதினார். அற்புதமான பதினைந்து நிமிடம்தான். இருந்தாலும், அந்தக் கிழவர்களை அந்த விடுதிக்கு அனுப்பிய வரலாற்றில் தன் வீட்டுப் பெயர் இருப்பதை ஒரு முனகலாகக்கூட அந்த நாடகம் சொல்வதில்லை என்பது எனக்கு நெருடுகிறது. இந்த நெருடல் நாடகத்தைப் படித்ததால் வந்தது. அவரைப் படிக்காமலே தள்ளிவைப்பவர்களுக்கு இந்த நெருடல்கூட வராது.

கடைசியாக 'கேத்லீன் நி ஹூலிஹன்'. 1902ல் மாட் கான் நடிக்க மேடையேறியது. 1798 எழுச்சி, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு விவசாயி வீடு, வாசலில் வந்து நிற்கும் கிழவி. நிலத்தை இழந்தவள், அயர்லாந்தே அவள்தான். மாப்பிள்ளைப் பையன் கல்யாணத்தை விட்டுவிட்டு அவள் பின்னால் போகிறான். அயர்லாந்தின் அரசியலையே அசைத்த நாடகம் என்கிறார்கள். 1916ல் சுடப்பட்டவர்களின் சாவுக்கு இந்த நாடகம் காரணமாக இருந்திருக்குமோ என்று யேட்ஸ் முதுமையில் ஒரு கவிதையில் தன்னையே கேட்டுக்கொண்டார். ஆம், ஓரங்க நாடகம். ஆசிரியர் பெயர்: டபிள்யூ. பி. யேட்ஸ்.

கையெழுத்துப் பிரதி நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில் இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் அந்தத் தொடக்கப் பகுதி முழுக்கத் தன்னுடையது என்று லேடி கிரிகரி பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார். ஆய்வாளர்கள் 1980களில் அதை ஒப்பிட்டுப் பார்த்து, பெரும்பகுதி அவர் எழுத்துதான் என்றார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் குடியானவர் பேச்சு கில்டார்ட்டன் பேச்சு. ஐரிஷ் மொழியின் இலக்கணத்தில் ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பேசும் கால்வே கிராமத்தாரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டது அவர். யேட்ஸுக்கு அந்தக் காது கிடையாது. உதவி பெற்றதை யேட்ஸ் ஒப்புக்கொண்டார், நன்றியும் சொன்னார். நன்றி முன்னுரையில், பெயர் அட்டையில். உரிமையைக் கேளுங்கள் என்று வீட்டார் சொன்னதற்கு, யேட்ஸுக்கு மக்களிடம் கிடைத்த ஒரே பெரிய வெற்றியை எப்படிப் பிடுங்குவது என்று அவர் பதில் சொன்னதாகக் குடும்பத்தில் ஒரு நினைவு உண்டு. பெருந்தன்மை என்று இதைப் பாராட்டுவார்கள். யாருடைய பெருந்தன்மையில் யாருடைய நூல்பட்டியல் கொழுக்கிறது என்பதை மட்டும் கேட்க மாட்டார்கள்.

இங்கேதான் அந்தக் கூட்டத்து நண்பரிடம் கேட்க விரும்புகிறேன். ஓரங்க நாடகம் அவ்வளவு சின்ன விஷயம் என்றால், அந்த 20 நிமிடத்தை விட்டுக்கொடுக்க ஐரோப்பாவின் பெரிய கவிஞருக்கு ஏன் மனசு வரவில்லை? பெண் எழுதினால் ஊறுகாய், கவிஞர் கையெழுத்துப் போட்டால் காவியமா? வடிவத்தின் அளவு மாறவில்லையே. ஜாய்ஸுக்குப் பத்திரிகையில் மதிப்புரை எழுதும் வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். ஜாய்ஸ் 1903ல் இவர் புத்தகத்தையே அதில் கிழித்தார், போதாதென்று 'யுலிசிஸ்' நாவலிலும் அதைக் கேலியாகச் சொருகினார். 700 பக்க நாவலில் ஒரு வரிக் கேலியாக இவரை அறிந்தவர்கள், இவருடைய ஏழு நாடகங்களை அறிந்தவர்களைவிட அதிகம்.

நம் ஊரில் ஓரங்க நாடகம் என்றாலே பள்ளி ஆண்டு விழா, ஒட்டு மீசை, கடைசியில் எல்லோரும் திருந்துவது. அந்த நினைப்போடு ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' நாடகத்தை அணுகியவர்கள் 'என்னப்பா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு' என்றுதான் எழுந்து போயிருப்பார்கள். நவீன நாடகக் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் இடம் இல்லை, ஆள் இல்லை, நிதி இல்லை என்று சொல்லும்போது எனக்கு 'த கேயோல் கேட்' நினைவுக்கு வரும். இரண்டு பெண்கள், ஒரு காவலாளி, ஒரு கதவு. கதவுகூட வேண்டாம், ஷட்டர் இறக்கிய கடை போதும். கிராமத்திலிருந்து மாவட்டச் சிறைக்குக் கையில் படிக்கத் தெரியாத ஒரு காகிதத்தோடு பஸ் ஏறி வரும் மாமியாரும் மருமகளும் என்ன தமிழ் பேசுவார்கள் என்பதை நாம் கேட்டுத்தான் எழுத வேண்டும், கிரிகரி கால்வேயில் கேட்டு எழுதியதைப் போல. மொழிபெயர்க்க யாராவது முன்வந்தால் ஒத்திகைக்கு என் வீட்டு மொட்டை மாடியைத் தருகிறேன். மேலே ஒரு பழைய தண்ணீர் டிரம்மும் கிடக்கிறது, பீப்பாய்க்கு ஆகும்.